சென்ம பாவமும் சகச மலமும்: மருதமடு யாத்திரையிற் பிறந்த ஓர் ஆராய்வு

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் பெருந்தெருவை மடுச் சந்தியில் விட்டு விலகிக் காட்டின் ஊடே சென்றால் மருதமடு மாதாவின் திருப்பதி தோன்றும். யூலை 2ஆம் நாளிலும் ஓகஸ்ட் 15ஆம் நாளிலும் நிகழும் பெருவிழாக்களுக்கு இலங்கையின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் தமிழரும் சிங்களவரும் வந்து, மரநிழலிற் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்குவர். வருவாருட் சைவரும் பௌத்தரும் உளர். திரும்பும்போது அவ்விடத்து மண்ணிற் சிறிது முடிந்துகொண்டு செல்வது நெடுங்கால வழக்கம். அம்மண் பாம்பின் நஞ்சை முறிக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. (பாம்பு தீண்டினால் முதலில் வைத்தியசாலைக்கு ஓடுக என்றே என் மாணாக்கர்க்குச் சொல்லி வருகின்றேன், அது வேறு.)

கிறித்தவ வேதத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை ஒருமுறையேனும் கற்றார்க்கு இம்மண்முடிச்சு ஒரு வியப்பை எழுப்பும். அங்கும் ஒரு பெண், ஒரு பாம்பு, மண் ஆகியன உள. ஆதாம் என்னும் பெயரே எபிரேய மொழியில் நிலத்தைக் குறிக்கும் அதாமா என்னும் சொல்லோடு இயைபுடையது என்பர் அம்மொழி வல்லார். பாம்பு புழுதியை உண்ணுமாறு சபிக்கப்படுகின்றது. மனிதன் எடுக்கப்பட்ட மண்ணுக்கே மீளுமாறு விதிக்கப்படுகின்றான். உலகிற் கேடு புகுந்தமை கூறும் கதையில் வரும் பொருள்களே, கேடு நீங்க வேண்டிச் செல்வார் கையிலும் இருக்கின்றன. யாத்திரிகர் எவரும் இதனை எண்ணி மண் எடுப்பதாகத் தெரியவில்லை. எனினும் கிறித்தவர் கூறும் சென்ம பாவம் யாது, அது நம் சித்தாந்தம் கூறும் ஆணவ மலத்தோடு எவ்வாறு ஒக்கும், எவ்விடத்து வேறுபடும் என்று ஆராயப் புகுவார்க்கு இஃது ஒரு நல்ல வாயில்.

பிறர் மதத்தை ஆராய்தற்கு நம் ஆசிரியர் வகுத்த முறை ஒன்று உண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்திற் புறமதத்தார் ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் அவரவர் கூறுமாறே கூறிப் பின்னரே மறுக்கின்றார். சென்ம பாவத்தைப் பற்றி நம் மேடைகளில் நிகழ்ந்த கண்டனங்களில் இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஒருவன் தின்ற கனிக்கு ஊர் முழுவதற்கும் தண்டமோ என்று கேட்டுக் கைதட்டல் பெற்று அமர்வதே வழக்கமாயிற்று. அவ்வினா நியாயமானதே, ஆயின் புதியதன்று. பழைய ஏற்பாட்டில் எசேக்கியேல் தீர்க்கதரிசியே தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் அதனை எழுப்பி, தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று தீர்ப்பளித்துள்ளார். ஆறுமுக நாவலர் இத்தகைய மேடைக் கண்டனக்காரர் அல்லர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து, 1850இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம் எதிர்ப்பக்கத்து நூலை வரிவரியாகக் கற்ற ஒருவரின் நூல் என்பது அதனைத் திறந்த அளவிலே விளங்கும். கண்டனத்தை அவரிடம் கற்ற நாம் கல்வியைக் கற்றிலேம்.

இனிக் கதையை நோக்குவோம். ஆதியாகமத்தில் ஆப்பிள் இல்லை. கனி என்ற அளவோடு நூல் நிற்கின்றது. இலத்தீன் மொழியில் மலும் என்பது தீமை. முதலெழுத்து நீண்டு மாலும் எனின் ஆப்பிள். அச்சிலேடையும் மேலைநாட்டு ஓவியர் தூரிகையும் சேர்ந்து அக்கனியை ஆப்பிளாக்கின. (மலும் என்பதற்கும் நம் மலம் என்பதற்கும் உறவு காட்டப் புறப்படும் நண்பர்கள் என்னைப் பொறுத்தருள்க. ஒலி ஒத்தவெல்லாம் ஒரு குடியிற் பிறந்தனவாகா.) பாம்பு சாத்தான் என்பதும் அவ்வதிகாரத்தில் இல்லை, அது பிற்கால நூல்களின் விளக்கம். எல்லாவற்றினும் வியக்கத்தக்கது, பாவம் என்று பொருள்படும் சொல்லே மூன்றாம் அதிகாரத்தில் இல்லாமை. அச்சொல் அடுத்த அதிகாரத்தில், காயீன் தன் தம்பியைக் கொல்லுமுன் அவனுக்குக் கூறப்படும் எச்சரிக்கையில்தான் முதன்முதல் வருகின்றது.

ஆயின் மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது யாது? இருவர் தம் உடலைக் கண்டு நாணுகின்றனர். இறைவன் வரும் ஓசை கேட்டு மரங்களுக்கிடையே ஒளிகின்றனர். வினவப்பட்டபோது ஆடவன் பெண்ணைச் சுட்டுகின்றான். அவளைத் தனக்குத் துணையாகத் தந்தவர் இறைவனே என்பதையும் நயமாக நினைவூட்டுகின்றான். பெண் பாம்பைச் சுட்டுகின்றாள். பாம்பிடம் வினாவே எழவில்லை. மீறியது ஒரு கணம். அதற்குப் பின்வரும் ஒளிதலும் பழிசுமத்தலுமே கதையில் விரிவாகப் பேசப்படுகின்றன. இதனை எழுதியவர் மனித மனத்தை நன்கறிந்த ஒரு புலவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. வகுப்பறையில் உடைந்த கண்ணாடிச் சாளரத்தைப் பற்றி விசாரித்த ஆசிரியர் எவரும் இக்கதையை நம்புவர்.

இக்கதை கோட்பாடாகியது பின்னர். புதிய ஏற்பாட்டிற் பவுலடியார் உரோமருக்கு எழுதிய மடலின் ஐந்தாம் அதிகாரத்தில், ஒருவனால் உலகிற் பாவமும் அதனால் மரணமும் புகுந்தமை கூறி, மரணம் எல்லாரையும் பற்றியதற்கு ஒரு காரணமும் கூறுகின்றார். கிரேக்க மூலத்தில் அக்காரணத் தொடர், எல்லாரும் பாவம் செய்தமையால் என்று பொருள்படுவது. இலத்தீன் பெயர்ப்பிலோ அது, அவ்வொருவனுள் எல்லாரும் பாவம் செய்தனர் என்று கொள்ளுமாறு அமைந்தது. வட ஆபிரிக்காவின் இப்போ நகரத்து ஆயராகிய அகுத்தீனார் (354–430) இப்பொருளையே கொண்டார். ஆதாமின் குற்றமும் பிறப்பு வழியே அனைவரிடத்தும் தொடர்கின்றது என்றார். மனிதன் தன் முயற்சியால் நல்லவனாகலாம் என்று கூறிய பெலாகியுவின் கொள்கையை 418இற் கார்த்தேச்சிற் கூடிய சங்கம் விலக்கியது; 1546இல் திரெந்துப் பொதுச்சங்கம் சென்ம பாவக் கொள்கையை மீண்டும் வரையறுத்தது. கிரேக்கத் திருச்சபையார் அகுத்தீனாரை இவ்வளவு தூரம் பின்பற்றவில்லை. ஆதாமிடமிருந்து நாம் பெற்றது மரணமும் நலிவுமேயன்றிக் குற்றமன்று என்பது அவர் துணிபு. எனவே மேடையில் நாம் கண்டித்துவந்தது கிறித்தவம் முழுவதையும் அன்று. அதன் இலத்தீன் கிளையின் ஒரு கூற்றையே.

வேற்றுச்சொல் ஒன்று செய்த விளைவு இஃதொன்றோடு நில்லாது. ஆதியாகமத்தில் பெண்ணின் வித்து பாம்பின் தலையை நசுக்கும் எனப் பொருள்படும் இடம் இலத்தீன் வுல்காத்தாப் பெயர்ப்பில் அவளே நசுக்குவாள் என நின்றது. மாதாவின் காலடியிற் பாம்பு நசுங்கிக் கிடக்கும் சுரூபங்கள் அதனின்று எழுந்தவை. 1979இல் வெளிவந்த புதிய வுல்காத்தா அதனைத் திருத்திவிட்டது. சுரூபங்களைத் திருத்துவார் இலர்.

அகுத்தீனாரை இகழ்ந்துவிட்டு அப்பாற் செல்ல எனக்கு மனமில்லை. இளமையில் தோழரோடு சேர்ந்து அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் திருடியதை அவர் தம் வரலாற்றில் வருந்தி எழுதியுள்ளார். பசியில்லை, காய் சுவையானதுமன்று, பெரும்பாலானவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். திருடுவதற்காகவே திருடினோம் என்பதே அவரை வாட்டிய எண்ணம். வினைக்குக் காரணம் ஆசை என்றால் ஆசைக்கும் அடியிலே ஏதோ ஒன்று இருக்கின்றது என்பதை அவர் தம்மிடத்தே கண்டார். வெளிவாரிப் பட்டத்திற்குப் படித்த நாட்களில் இரவு விளக்கில் அதனை முதன்முதல் வாசித்தபோது, மேசையின் மறுபக்கத்திற் கிடந்த திருவருட்பயனின் இருள்மல நிலை எனக்கு நினைவு வந்தது. இருள் பிறபொருளை மறைத்துத் தன்னைக் காட்டும்; ஆணவமோ தன்னையும் காட்டாது என்று உமாபதி சிவாசாரியார் உணர்த்துவது அப்பேரிக்காய் மரத்தடியையே போலும்.

இங்கேதான் மொழிபெயர்ப்பின் குறை தோன்றுகின்றது. சென்ம பாவம் என்னும் தொடரைக் கேட்கும் தமிழன் செவியில் இரண்டு தவறான ஒலிகள் எழுகின்றன. சென்மம் என்றதும் முற்பிறவியும் கன்மமும் நினைவிற்கு வருகின்றன. கிறித்தவரோ மறுபிறவியை ஏலார். பாவம் என்றதும் ஒருவன் செய்த செயல் நினைவிற்கு வருகின்றது. பச்சைக் குழந்தை செய்த செயல் யாது என்ற வினா உடனே பிறக்கின்றது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, இது பாவம் எனப்படுவது ஒப்புமை பற்றியே. இது செய்யப்பட்ட செயலன்று, வந்தடைந்த நிலை. ஆதாமின் மக்களிடத்துத் தனிப்பட்ட குற்றமாக நிற்பதுமன்று என்று விளக்குகின்றது. செயலன்று, நிலை எனில், அதற்குப் பாவம் என்னும் பெயர் பொருந்துமாறு யாங்ஙனம்?

பொருத்தமான சொல் தமிழ்க் கத்தோலிக்கர் வாயிலேயே இருக்கின்றது. 1854 திசம்பர் 8ஆம் நாள் ஒன்பதாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர், மரியாள் தாய் வயிற்றில் உருவாகிய கணந்தொட்டே சென்ம பாவத்தின் கறையினின்றும் காக்கப்பட்டார் என்பதை விசுவாச சத்தியமாக அறிவித்தார். அவ்விசுவாசத்திற்குத் தமிழிலே வழங்கும் பெயர் அமலோற்பவம். அ, மலம், உற்பவம் என்று பிரித்துப் பார்க்க, மலமின்றித் தோன்றுதல். மாதாவிடத்து இல்லாதது யாது என்று கூறவேண்டி வந்தபோது தமிழ்த் திருச்சபை பாவம் என்னும் சொல்லை எடுக்கவில்லை. மலம் என்னும் சொல்லையே எடுத்தது. அமலன், நிமலன், விமலன் என்று நாம் சிவபெருமானைப் போற்றும் சொற்குடும்பத்தில் நின்றும் அச்சொல் சென்றது. மன்னாரிலே அமலோற்பவம் என்னும் பெயருடைய பெண்கள் பலர். தம் பெயரிற் சித்தாந்தத்தின் முப்பொருளில் ஒன்றாகிய பாசத்தின் பெயர் மறைந்து கிடப்பதை அவர் அறியார். அவரிடத்து இல்லாதது மலம் எனின், ஏனையோரிடத்து உள்ளதும் மலமே அன்றோ? கறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லுக்கு மலம் என்று நேராகப் பெயர்த்தார் என்பார் கூறுக. நேராகப் பெயர்த்த இடத்தில் உண்மை வெளிப்பட்டது என்றே யான் கூறுவேன்.

ஓராண்டு ஓகஸ்ட் திருவிழாவுக்குக் கத்தோலிக்க நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு சென்று மடுவிலே தங்கினேன். நண்பரின் தாயார் முதியவர். போர்க்காலத்தில் அங்கேயே அகதியாக வாழ்ந்து, 1999 நவம்பர் 20ஆம் நாள் இரவில் ஆலய வளவில் எறிகணை வீழ்ந்து அடைக்கலம் புகுந்தோர் மாண்டதைக் கண்டவர். கூடாரத்தின் முன் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பாவமும் அறியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு என்று, பட்டதாரிகளுக்குரிய துணிவோடு அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் கறியைத் துழாவியவாறே, “கடையிலை வாங்கின புதுச்சட்டியை ஆர் தம்பி பழக்காமல் அடுப்பிலை வைக்கிறது? சட்டி ஒரு பிழையும் செய்யேல்லைத்தானே” என்றார். திரெந்துச் சங்கத்தின் ஆவணங்களில் யான் பெறாத தெளிவை அவ்விடத்துப் பெற்றேன்.

பழைய தமிழிற் பிழைத்தல் என்பது குறி தவறுதலையும் உணர்த்தும். அம்பு பிழைத்தது என்பர். கிரேக்க விவிலியத்திற் பாவத்தைக் குறிக்கும் அமார்த்தியா என்னும் சொல்லும் குறி தவறுதலையே அடிப்பொருளாக உடையது. எனவே செய்த செயலைப் பிழை என்றும், செயலுக்கு முந்திய நிலையை மலம் என்றும் கிழவி நினையாமலே பிரித்துக்காட்டினார் எனலாம்.

ஒப்புமை இவ்வளவோடு நில்லாது. ஞானஸ்நானத்தால் சென்ம பாவம் நீங்கியபின்னும் தீய இச்சை எஞ்சி நிற்கும் என்றும், அது தன்னளவிற் பாவமன்று, பாவத்தின்பாற் சாய்ப்பதே என்றும் திரெந்துச் சங்கம் கூறிற்று. சீவன்முத்தரிடத்தும் மலவாசனை தாக்கும், அதனைக் கழுவுக என்று சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் கூறுவதை அறிந்தார்க்கு இது புதிதாகத் தோன்றாது.

வேறுபடும் இடம் ஒன்றே. ஆயின் அது பெரிது. கிறித்தவர்க்கு இந்நலிவு தொடக்கமுடையது. படைப்பு நன்றாகவே இருந்தது, பின் உடைந்தது. நமக்கோ ஆணவம் உயிரோடு அநாதியே உடன் நிற்பது. ஆதலின் சகசமலம் எனப்பட்டது. செம்பிற் களிம்பு என்றுண்டாயிற்று? செம்பு உண்டாய அன்றே. நெல்லுக்கு உமி பின்னர் வந்து ஒட்டியதன்று. இவ்விரு கொள்கையும் ஒரே அச்சத்திற் பிறந்தவை: தீமைக்கு இறைவன் காரணனாகிவிடலாகாது என்னும் அச்சம். அவர் தம் இறைவனைக் காக்க மனிதனின் சுதந்திரத்தைக் காரணமாக்கினர். நாம் நம் இறைவனைக் காக்கத் தொடக்கத்தையே விலக்கினோம்.

அகுத்தீனார் தொடக்கத்தை வற்புறுத்தியமைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் மானி மதத்தைச் சார்ந்திருந்தார். ஒளி, இருள் என்னும் இரண்டும் அநாதியாய் நின்று பொருவன என்பது அம்மதம். அதனை விட்டு வந்தவர் தீமைக்கு அநாதித்துவம் கொடுக்க அஞ்சியது இயல்பு. அநாதி மலம் என்று நாம் கூறுவதைக் கேட்டால் அவர் நம்மையும் மானியின் மரபினர் என்றே ஐயுறுவார். அதற்கு நம் விடை, ஆணவம் இறைவனோடு பொருதும் சேதனமன்று, சடம். அதன் சத்தியே கெடும், பொருள் கெடாது என்பது. இவ்விடை தருக்கத்திற்குப் போதியது. எனினும் ஒன்று கூறாதிருத்தல் நேர்மையன்று. ஏன் உயிருக்கு இது வாய்த்தது என்ற வினாவுக்கு அநாதி என்பது விடையன்று. வினாவை எழவிடாது தடுக்கும் வேலியே அது. அவர் கதையில், முதல் மனிதன் நல்லவனாகவே படைக்கப்பட்டிருந்தால் பாம்பின் சொல்லுக்கு ஏன் இணங்கினான் என்ற வினா எஞ்சுகின்றது. இணங்குதற்கு ஏதுவான ஒன்று மீறலுக்கு முன்பே அவனுள் இருந்திருத்தல் வேண்டும். அவ்வொன்றைச் சித்தாந்தி ஆணவம் என்பான். இவ்விடத்து நம் பக்கம் ஒருபடி ஆழமாகச் சென்றது என்பதே என் முடிபு. ஆனால் இழந்துவிட்டோம் என்னும் துயரமும், இப்படி இருந்திருக்கவேண்டியதில்லை என்னும் ஏக்கமும் அவர் கதைக்கே உரியன. நம் சாத்திரங்களில் அவற்றை யான் கண்டிலேன்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகவே எனக்கும் இருந்தன, 2019 மார்ச்சு முதல் வாரம் வரை. சிவராத்திரிக்கு முதல்நாளாகிய மார்ச்சு 3ஆம் நாள், திருக்கேதீச்சரத்திற்குச் செல்லும் வழியில் அமைக்கப்பட்ட வளைவு பற்றி மாந்தையிற் பிணக்கு மூண்டு, வளைவு வீழ்த்தப்பட்டது. விடுமுறை கழிந்து செவ்வாய்க்கிழமை வகுப்பிற்குச் சென்றபோது சைவப் பிள்ளைகள் ஒருபுறமும் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒருபுறமுமாக வாங்குகள் பிரிந்திருந்தன. அவர்கள் முன்னோர் அல்லவா பறங்கியரோடு சேர்ந்து எங்கள் கோயிலை இடித்தவர்கள் என்று ஒருவன் கேட்டான். 1544இற் சங்கிலி மன்னன் மன்னாரிலே எங்கள் ஆட்கள் 600 பேர் அளவினரைக் கொன்றானே என்று மற்றொருவன் எழுந்தான். பதினான்கு வயதுப் பிள்ளைகள்! தந்தை தின்ற கனிக்கு மகன் தண்டம் இறுப்பதோ என்று மேடையிற் கேட்ட நாம், நம் வகுப்பறையிற் செய்வது அதையே. சென்ம பாவத்தை ஏலாத சைவனும், முன்னோர் குற்றத்தை மகன்மேல் ஏற்றும் வகையில் அகுத்தீனாரினும் கடியவனாக நிற்கின்றான். கத்தோலிக்கச் சிறுவனும் எசேக்கியேலை மறந்தான்.

அன்று பாடத்தை விட்டு ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கச் செய்தேன். ஆடவன் பெண்ணையும் பெண் பாம்பையும் சுட்டும் இடம் வந்ததும் ஒரு சிறுமி சிரித்தாள். பின் எல்லாரும் சிரித்தனர். பாம்பு யாரைச் சுட்டும், சேர் என்று கேட்டான் ஒருவன். மணி அடித்துவிட்டது. 1872ஆம் ஆண்டிலேயே திருக்கேதீச்சரத்தை மீள எழுப்புக என்று நாவலர் அறைகூவியதையும், அவ்வாண்டிலேயே பொன்சீன் ஆண்டகை மடுவிற் புதிய ஆலயப் பணியைத் தொடங்கியதையும் கூற எண்ணியிருந்தேன், நேரம் கிடைக்கவில்லை.

மறுநாள் மார்ச்சு 6, கத்தோலிக்கருக்கு விபூதிப் புதன். அவர்தம் தவக்காலத்தின் தொடக்கநாளுக்குத் தமிழ் வழக்குத் தந்த அப்பெயரையும் காண்க. காலைப் பூசையில் குருவானவர், மண்ணினின்றும் வந்தவன் மண்ணாவாய் என்னும் அவ்வேதப் பொருளை நினைவூட்டிச் சாம்பலை நெற்றியிற் பூசி விட்டிருந்தார். சைவப் பிள்ளைகள் சிவராத்திரி கழிந்த பக்தியோடு மூன்று குறியும் இட்டு வந்திருந்தனர். வாங்குகள் இன்னும் பிரிந்தே இருந்தன. வரவு எடுத்துக்கொண்டிருக்கையில் பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்து, “சேர், உங்கடை நெத்தியிலை மட்டும் ஒண்டும் இல்லை” என்றான். உண்மைதான், பேருந்தைப் பிடிக்கும் அவசரத்திற் பூச மறந்திருந்தேன்.